‘ஒரு சின்ன திருத்தம்’ என்று எழுதுகிறவள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லுவேன், பின்னால் சொல்ல வேண்டியதை மறந்தே போவேன். வயசும் ஆச்சு. எது எந்த வருசம் நடந்தது என்று கேட்டால் முழிப்பேன். அதிலும் இன்றைக்கு எழுத்துக்கு எழுத்து தப்பாகத் தட்டுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. சந்தோசத்தில் வருகிற தப்பு.

சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு பெண் வலைப்பூ எழுதுகிறது. சமையல், அவர்கள் வயல், வீட்டு மாடு என்று நன்றாக எழுதும். அது போன வாரம் எனக்கு ஒரு விருது கொடுத்திருக்கிறது. முன்பெல்லாம் வலைப்பூ எழுதுகிறவர்கள் ஒருத்தருக்கொருத்தர் கொடுத்துக்கொள்வோமே, அந்த மாதிரி. பூப் போட்ட படம் ஒன்று வரும், அதை நம் வலைப்பூ ஓரத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். கொடுத்தவருக்கு நன்றி சொல்ல வேண்டும். நம்மைப் பற்றி ஏழு விசயம் சொல்ல வேண்டும். அப்புறம் நமக்குப் பிடித்த ஐந்து பேருக்கு அதைத் தள்ளிவிட வேண்டும். இப்போது எழுதுவதற்கே ஆள் குறைந்துபோச்சு. அந்தப் பெண் எங்கேயோ பழைய பதிவில் இதைப் பார்த்துவிட்டு ஆசைப்பட்டு மறுபடி ஆரம்பித்திருக்கிறது. நல்லா இருக்கட்டும்.

ஆனால் சந்தோசம் விருதுக்காக இல்லை. அந்தப் பதிவுக்குக் கீழே நேற்றுக் காலையில் ஒரு பின்னூட்டம் வந்திருந்தது. பேர் இல்லை, படம் இல்லை. “இந்தம்மாவுக்குக் குடுத்தது பொருத்தம். மழையில நனைஞ்ச சாக்கு மாதிரி பஸ் ஸ்டாண்டு படுத்துக் கெடக்குதுன்னு எழுதுனாங்களே, அந்த ஒரு வரிக்கே குடுக்கலாம். ஒரு சின்ன திருத்தம்” என்று ஆரம்பித்து, கீழே இரண்டு வரி.

‘ஒரு சின்ன திருத்தம்’ என்ற மூன்று வார்த்தையைப் படித்ததும் அடுப்பில் பால் இருப்பதே மறந்துபோச்சு. பொங்கி வழிந்து, அடி பிடித்து, நாற்றம் வந்து, மருமகள் மாடியிலிருந்து ஓடி வந்தாள்.

“என்ன மாமி, வூடே பொகையா இருக்குது?”

“அவ வந்துட்டா” என்றேன். யார் என்று கேட்டாள். லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். அவளும் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பால் பாத்திரத்தை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

அந்த இரண்டு வரி என்ன என்று கடைசியில் சொல்லுகிறேன். முதலில் ஆளைச் சொல்ல வேண்டும். என்னைப் பற்றிய ஏழு விசயத்தையும் வரிசையாக நிறுத்திச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவளைப் பற்றிச் சொல்லும்போதே அங்கங்கே போட்டுக்கொண்டு போகிறேன். நீங்கள் எண்ணிக்கொள்ளுங்கள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். இது ஒன்று.

என் சின்ன மகன் ஷார்ஜாவுக்குத் திரும்பிப் போகும்போது இந்த லேப்டாப்பை விட்டுவிட்டுப் போனான். நான் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் என்னத்தையாவது எழுதி அரிசிப் பானைக்குப் பின்னால் சொருகி வைப்பேன். அதை மருமகள் கண்டுபிடித்துவிட்டாள். அவள்தான் வலைப்பூவை ஆரம்பித்து, தட்டக் கற்றுக்கொடுத்தாள். இன்றைக்கும் எனக்கு ஒற்றை விரல்தான். இந்தப் பதிவைத் தட்ட நேற்றுக் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். இது இரண்டு.

முதல் பதிவு, எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் ஜங்ஷனுக்குப் போகிற ரயில் தெரியும் என்பதைப் பற்றி. யார் படிக்கப் போகிறார்கள் என்று போட்டேன். மறுநாள் பின்னூட்டம் வந்திருந்தது. “ரயிலு போன பொறவும் கொடியில துணி ஆடிக்கிட்டே இருக்குதுன்னு எழுதியிருக்கீங்க. நானும் பாத்திருக்கேன். எழுதலாம்னு தோணினதில்ல. ஒரு சின்ன திருத்தம். நீங்க சொல்ற நேரத்துக்கு வர்றது சேலம் வண்டி இல்ல, கடலூர் வண்டி.”

எனக்குப் பயமாகப் போச்சு. இவ்வளவு கவனமாகத் தப்புக் கண்டுபிடிக்கிறார் என்றால் ரிட்டையர் ஆன வாத்தியாராகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்து, “மிக்க நன்றி சார், திருத்திக்கொள்கிறேன் சார்” என்று பதில் போட்டேன். அதற்கப்புறம் எழுதியதற்கெல்லாம் அந்த சார் வந்தார். நானும் ஒவ்வொரு தடவையும் சார் போட்டேன். மாசக்கணக்கில் போட்டேன்.

அந்தக் காலத்தில் பின்னூட்டம் என்றால் அருமை, சூப்பர், வாழ்த்துகள், தொடருங்கள், இதுதான். நானும் அப்படித்தான் எல்லோருக்கும் போடுவேன், வேறென்ன எழுதுவது. இந்த ஆள் அப்படி இல்லை. பதிவில் நல்லதாக ஒரு வரி இருந்தால் அதைத் தேடி எடுத்துச் சொல்லும். பதிவே சுமாராக இருந்தாலும் அதில் ஒரு வரியையாவது கண்டுபிடித்துவிடும். அப்புறம்தான் திருத்தம். திருத்தமும் பெரிதாக இருக்காது. முருங்கைப் பூ அந்த மாசத்தில் உதிராது, அந்த பஸ் அந்த ஸ்டாப்பில் நிற்காது, இந்த மாதிரி. மற்றவர்கள் எழுதியதில் அவ்வளவு அக்கறை. தன்னைப் பற்றி மட்டும் ஒரு சொல் இருக்காது. அதற்கும் ஒரு வலைப்பூ உண்டு, அதில் ஊர் பேர் இருக்காது, ஆள் பேர் இருக்காது. ஆணா பெண்ணா என்பதே தெரியாது.

ஒரு தடவை கவிதை எழுதுகிற ஒருத்தர், சித்திரை மாசம் வெள்ளாறு கரை புரண்டு ஓடுவதாக எழுதிவிட்டார். இது போய், கடைசி நாலு வரியைப் புகழ்ந்துவிட்டு, சித்திரையில் அங்கே மணல்தான் இருக்கும் என்று போட்டுவிட்டது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கவிதைக்கெல்லாம் செக்கிங் எதற்கு, வேறு வேலை இல்லையா என்று எழுதினார். நாங்கள் எல்லோரும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம். இது போட்ட பதில் எனக்கு மனப்பாடம்.

“கோவிச்சுக்காதீங்க. நல்ல கப்பத்தான் தட்டிப் பாப்போம். ஒடஞ்சத யாரும் தட்ட மாட்டாங்க.”

அவருக்கு என்ன புரிந்ததோ, அடங்கிவிட்டார். எனக்கு அன்றைக்குச் சுத்தமாகப் புரியவில்லை. இதில் கப்பு எங்கே வந்தது என்று யோசித்துக்கொண்டே மாவு கரைத்தேன்.

அப்புறம் ஒரு நாள் நானே கப்பைப் பற்றி எழுதினேன். எங்கள் ஊரில் செராமிக் யூனிட் வாசல்களில் ஷெட் போட்டு செகண்ட்ஸ் விற்பார்கள். சின்னக் குறை இருக்கிற கப்பு, பொம்மை, விளக்கு எல்லாம் கிடைக்கும். நான் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் எடுப்பேன் என்று எழுதியிருந்தேன். பின்னூட்டம் வந்தது. ஒரு சின்ன திருத்தம், விரிசல் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும், தட்டிப் பார்த்து வாங்குங்கள் என்று.

அடுத்த வாரமே கிளம்பிப் போனேன். ஷெட்டில் நின்று ஒரு கப்பைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தட்டுகிறேன், தட்டுகிறேன், எல்லாக் கப்பும் டொக் டொக் என்றுதான் கேட்கிறது. ஊரிலேயே நல்ல கப்பு இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். யூனிட்டுக்கு உள்ளேயிருந்து தண்ணீர் குடிக்க வந்த ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளால் தாங்க முடியவில்லை.

“ஒரு சின்ன திருத்தம்மா” என்றாள். “இப்படி நெரிச்சுப் புடிச்சீங்கன்னா நல்ல கப்புகூட மூச்சு வுடாது. உள்ளங்கையில சும்மா ஒக்கார வைங்க. நகத்தால ஒரு தட்டு, போதும்.”

தட்டினேன். ணங் என்று கோயில் மணி மாதிரி ஒரு சத்தம். ஆனால் எனக்கு அந்தச் சத்தம் அப்புறம்தான் கேட்டது. அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

“நீங்க… சாரா?”

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், ஷெட்டில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். “அந்த ரயிலு அம்மாவா நீங்க?” என்று கேட்டுவிட்டு, சட்டென்று சிரிப்பை நிறுத்தி, விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். இங்கே யாருக்கும் தெரியாது, வீட்டிலும் தெரியாது, தெரிந்தால் போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்றாள்.

அவளுக்கு அங்கே செக்கிங் வேலை. சூளையில் வெந்து வந்த கப்பு வரிசையாக வரும். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் தட்டி, காதில் வாங்க வேண்டும். ணங் என்றால் பாஸ். டொக் என்றால் ஒதுக்க வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை அதேதான். சாப்பாட்டு நேரத்தில், கப்பு அடுக்குகிற வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்து, டிபன் டப்பாவை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, போனில் எங்களையெல்லாம் படிப்பாள். அந்தக் கையால்தான் எங்களையும் தட்டிப் பார்த்திருக்கிறாள். அந்தக் கவிதைக்காரரிடம் சொன்னது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

ஆள் எப்படி இருப்பாள் என்று சொல்ல மாட்டேன். செராமிக்கில் செக்கிங் பார்த்த பெண்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். அதற்குமேல் அடையாளம் வேண்டாம். ஏன் என்று இதோ சொல்லப் போகிறேன். அன்றைக்கு வாங்கிய கப்பு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது, அதில் யாரையும் டீ குடிக்க விடுவதில்லை. என் பெரிய மகன் ஊருக்கு வந்தபோது எடுத்துவிட்டான், பெற்ற பிள்ளை என்றும் பார்க்காமல் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன். இது மூன்று.

அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்கும் வந்தாள். ஒரு நோன்பு மாசம், நோன்பு திறக்கிற நேரத்துக்குக் கஞ்சி குடிக்கக் கூப்பிட்டிருந்தேன். ஊதி ஊதிக் குடித்தாள். இஞ்சி இவ்வளவு பதமாக எங்கேயும் சாப்பிட்டதில்லை என்றாள். நான் காத்துக்கொண்டிருந்தேன். மருமகளும் காத்துக்கொண்டிருந்தாள். இவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“ஒரு சின்ன திருத்தம்.”

மருமகள் சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்பங்கரைக்கு ஓடிவிட்டாள். இவள் வெந்தயத்தைக் கொஞ்சம் குறைத்து, வறுக்காமல் போடச் சொன்னாள். நான் நாற்பது வருசமாக வைக்கிற கஞ்சி அது. மனசுக்குள் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் மறுநாள் அப்படியே செய்தேன். அவள் சொன்னது சரி. இன்றைக்குத் தெருவில் யார் பக்குவம் கேட்டாலும் அது எங்கம்மா அளவு என்றுதான் சொல்லுகிறேன். இது நான்கு. இதுவரை யாருக்கும் தெரியாது.

இப்போது அந்த விருதுக்கு வருகிறேன். முதல் தடவை எனக்கு விருது கொடுத்தது அவள்தான். அவளுக்கு எங்கிருந்தோ வந்தது, அதை வைத்துக்கொள்ளாமல் என் பக்கம் தள்ளிவிட்டாள். காரணமும் எழுதியிருந்தாள். நான் எழுதுவதில் உப்பு எப்போதும் சரியாக இருக்கிறதாம். அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் இல்லை. ஆனால் விதிப்படி என்னைப் பற்றி ஏழு எழுத வேண்டும். என்னைப் பற்றி எப்படி எழுதுவேன்? வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அடுப்பங்கரையை விட்டு வெளியே வராதவள் நான். என் மகள் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட நான் இல்லை, தேடிப் பாருங்கள். இது ஐந்து.

யோசித்தேன். மேடையில் ஒருத்தர் நமக்குச் சால்வை போட்டால் அதையே எடுத்துத் திரும்ப அவருக்குப் போடுகிறோம் இல்லையா, அது மரியாதைதானே. அப்படி நினைத்துக்கொண்டு, ஏழு விசயத்தையும் அவளைப் பற்றி எழுதிவிட்டேன். பேர் போடவில்லை. பேர் போடாவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். தட்டுகிற விரல், வைக்கோல் கட்டு, சிரிப்பை முந்தானையில் மூடுகிறது, அதோடு இன்னும் ஒன்றிரண்டு. அந்த ஒன்றிரண்டை இங்கே மறுபடி சொல்ல மாட்டேன்.

அந்தப் பதிவுக்கு வந்த மாதிரி பின்னூட்டம் எனக்கு அதற்கு முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை. மருமகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினேன். மறுநாள் மதியம் அவளுடையதும் வந்தது.

“அழகா எழுதியிருக்கீங்கம்மா. நான் சிரிச்சா எப்படி இருக்கும்னு எனக்கே இப்பத்தான் தெரியுது. ஒரு சின்ன திருத்தம். விதிப்படி உங்களப் பத்தித்தான் ஏழு எழுதணும்.”

என்னைப் பற்றி என்னம்மா இருக்குது என்று சிரித்துக்கொண்டே பதில் போட்டேன். அதற்கு அடுத்த நாள் அவள் வலைப்பூவைத் திறந்தால், அப்படி ஒன்றே இல்லை என்று வருகிறது. போனும் போகவில்லை. ஷெட்டுக்கு ஓடினேன். கப்பு அடுக்குகிற ஒரு பெண் என்னைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொன்னாள். விரிசல் விட்ட கப்பையும் பெட்டிக்கு அடியில் போட்டுப் பாஸ் பண்ணச் சொல்லுகிற ஒரு மேஸ்திரியைப் பற்றி அவள் தன் வலைப்பூவில் பேர் சொல்லாமல் எழுதியிருந்தாள், நாங்களெல்லாம் படித்துச் சிரித்திருந்தோம். அந்த மேஸ்திரி அவள் வீட்டுக்காரரின் சொந்த அண்ணன். என் பதிவைப் பார்த்த யாரோ ஆளைக் கண்டுபிடித்து, அவள் எழுதியதை அந்த மேஸ்திரிக்கும் காட்டிவிட்டார்கள்.

“நேத்துக் காலையிலயே யூனிட் பூரா பேச்சு ஆயிடுச்சு” என்றாள் அந்தப் பெண். “அவ சாப்பாட்டு நேரத்துல எப்பவும் போல போன்ல என்னமோ தட்டிக்கிட்டிருந்தா. முடிச்சுட்டு எழுந்திருச்சா, ஆபீஸ்ல கூப்புடறாங்கன்னு ஆளு வந்துடுச்சு. அதோட போனவதான்.”

அப்படியென்றால் அந்தப் பின்னூட்டத்தைப் போடும்போதே அவளுக்கு எல்லாம் தெரியும். அதில் எங்கேயாவது கோபம் இருக்கிறதா என்று எத்தனை தடவை படித்திருப்பேன். இல்லை. எப்போதும் போல ஒரு நல்ல வார்த்தை, ஒரு திருத்தம், அவ்வளவுதான்.

அந்தப் பதிவை எடுத்துவிட்டேன். கம்மாபுரம் பக்கம் அவள் அம்மா ஊர் என்று மட்டும் தெரியும். அதுவரை எங்கேயும் தனியாகப் போகாதவள், யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போனேன். போய்ப் பார்த்தால் சுரங்கத்துக்கு நிலம் எடுத்து அந்தத் தெருவே இல்லை. இருந்தவர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள். திரும்பி வந்து, பல் வலிக்கு டாக்டரிடம் போனேன் என்று பொய் சொன்னேன். இது ஆறு என்று நினைக்கிறேன். யாராவது எண்ணிப் பாருங்கள்.

பத்துப் பன்னிரண்டு வருசம் ஆச்சு. அந்த மேஸ்திரியும் இப்போது இல்லை, யூனிட்டும் கை மாறிவிட்டது. அதனால்தான் இவ்வளவாவது சொல்லுகிறேன். வலைப்பூக்காரர்கள் எல்லோரும் வேறு வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன். யாரும் பின்னூட்டம் போடாவிட்டாலும், நேரம், மாசம், வண்டி எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் போடுவேன். அவள் எங்கேயாவது படிக்கிறாளோ என்னவோ என்று.

படித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நேற்று வந்த அந்த இரண்டு வரி இதுதான்.

“ஒரு சின்ன திருத்தம். இந்தம்மா விருதுக்குப் புதுசு இல்ல. முன்னாடியே ஒண்ணு வாங்கிட்டாங்க, அதுக்கு எழுத வேண்டிய ஏழு இன்னும் பாக்கி.”

இப்போது உன்னிடமே நேராகச் சொல்லுகிறேன் அம்மா. ஏழாவது பாக்கி இருக்கிறது. வெட்கத்தில்தான் உன்னைப் பற்றி எழுதினேன் என்று மேலே சொன்னேன். அது பாதிதான் நிஜம். நீ விரலை உதட்டில் வைத்துக் காட்டியது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இருந்தும் எழுதினேன். யாருக்கும் யார் என்று தெரியாத ஆளை எனக்கு மட்டும் தெரியும், என் வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்திருக்கிறாள் என்று நாலு பேருக்கு முன்னால் பீற்றிக்கொள்ள ஆசை. அந்த ஆசையில் எழுதினேன். இது ஏழு. மருமகளிடம்கூட இதை நான் சொன்னதில்லை.

விருதை ஐந்து பேருக்குத் தள்ளிவிட வேண்டுமாம். எனக்கு ஒருத்திதான். ஒட்டிக்கொள்ள உனக்கு இப்போது வலைப்பூ இல்லையென்றால், நீ ஆரம்பிக்கிற வரை நான் வைத்திருக்கிறேன்.

ஒடஞ்சத யாரும் தட்ட மாட்டாங்கன்னு நீதானே சொன்னாய். நேற்று என்னைத் தட்டியிருக்கிறாய்.

அந்தக் கவிதைக்காரர் எழுதியது சித்திரை வெள்ளமா வைகாசி வெள்ளமா, ஷெட்டில் நீ முதலில் என்ன சொன்னாய், வெந்தயம் குறைக்கச் சொன்னாயா கூட்டச் சொன்னாயா, எல்லாம் ஞாபகத்திலிருந்துதான் எழுதியிருக்கிறேன். தப்பு இருக்கும். ஏழு விசயமும் ஏழுதானா என்பதே எனக்குச் சந்தேகம். வேறு யாரும் பார்க்க வேண்டாம். நீ வந்து பார்த்துச் சொல்லம்மா.